சிறு நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் நீர்நிலைகளை எப்படிக் காப்பாற்றுகிறது?

வீடுகளிலிருந்து வரும் சாக்கடை நீரில் உள்ள அழுக்கைப் பெரும்பாலும் நீக்கிவிட்டு ஆற்றிலோ கடலிலோ விடும் இடம்தான் சுத்திகரிப்பு நிலையம்.

சாக்கடையை அப்படியே ஆற்றில் விட்டால் என்ன ஆகும்? அதிலுள்ள மலமும் உணவுக் கழிவும் பாக்டீரியாவுக்குத் தீனி. அவை தின்று பெருகும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்கின்றன. மீன்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன. கல்யாணப் பந்தியைத் தெருவில் போடாமல் மண்டபத்துக்குள்ளேயே முடிப்பது போல, அந்தத் தீனியை நிலையத்துக்குள்ளேயே தின்று தீர்க்க வைக்கிறார்கள்.

கலிபோர்னியாவின் ஆர்கேட்டா நல்ல உதாரணம். இருபதாயிரம் பேர்கூட இல்லாத ஊர். முதலில் தொட்டிகளில் கசடு அடியில் படிகிறது. அப்புறம் பெரிய குளங்கள். அங்கே பாசி வெளியிடும் ஆக்சிஜனை வைத்து பாக்டீரியா வேலை செய்கிறது. ஆனால் அந்தப் பாசியே கடலுக்குப் போனால் அதுவும் அழுகும். அதனால் நீரைக் கோரைகள் அடர்ந்த சதுப்பு நிலத்தின் வழியாக விடுகிறார்கள். கோரை நிழலில் வெயில் கிடைக்காமல் பாசி மடிந்து படிய, தண்டுகளில் வழவழப்பாக ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் மிச்சத்தைத் தின்கின்றன. கடைசியில் கிருமி நீக்கி, ஹம்போல்ட் விரிகுடாவில் விடுகிறார்கள். பழைய குப்பைமேட்டை ஒட்டிய அந்தச் சதுப்பில் இன்று பறவைகள் குவிகின்றன. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

சரி, சுத்திகரித்த நீர் தெளிவாக இருக்கிறதே, குடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது, அது ஆறும் மீனும் தாங்கும் அளவுக்குச் சுத்தமானது, குடிநீர் அல்ல.