நீதிமன்ற ஆங்கிலம்: தமிழ்வழியில் படித்துச் சட்டத்துறைக்கு வருபவர்களின் கேள்விகளும் பதில்களும்

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இருபது ஆண்டுகளாக வழக்கு நடத்திவருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் படித்தது மேலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளியில், முழுக்கத் தமிழ்வழியில். சட்ட ஆங்கிலத்தைக் கற்பது குறித்து மாணவர்களும் இளம் வழக்கறிஞர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (முதலாண்டு மாணவர், திண்டுக்கல்): வணக்கம் அம்மா. நானும் தமிழ்வழியில் படித்தவன்தான். தினமும் சட்ட அகராதியிலிருந்து இருபது சொற்களை மனப்பாடம் செய்கிறேன். ஒரே வாரத்தில் மறந்துபோகின்றன. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, அகராதியை மூடிவைத்துவிட்டு ‘பேர் ஆக்ட்’ என்று நாம் சொல்லும் சட்டத்தின் மூலப் பிரதியை எடுங்கள். ஏறக்குறைய ஒவ்வொரு சட்டத்தின் தொடக்கத்திலும் சொற்பொருள் விளக்கப் பிரிவு ஒன்று இருக்கும். உங்களுக்கு வேண்டிய சொற்கள் அங்கேதான் இருக்கின்றன. அகராதி தரும் பொருள் வேறு, சட்டம் ஒரு சொல்லுக்குக் கட்டிவைத்திருக்கும் பொருள் வேறு என்பதை ‘குட் ஃபெய்த்’ என்ற எளிய தொடரை வைத்தே காட்டுகிறேன்.

அகராதியில் அதற்கு நல்லெண்ணம் என்று இருக்கும். 1897ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டத்தின் 3(22)ஆம் பிரிவு, ஒரு செயல் உண்மையிலேயே நேர்மையாகச் செய்யப்பட்டிருந்தால், அதில் கவனக்குறைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டதாகவே கொள்ளவேண்டும் என்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தின் 52ஆம் பிரிவோ, உரிய அக்கறையும் கவனமும் இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணத்துடன் செய்ததாகச் சொல்ல முடியாது என்றது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 2ஆம் பிரிவிலும் அதே விளக்கம் தொடர்கிறது. 1887இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு வந்த சுகாரு கவிராஜ் வழக்கைப் பாருங்கள். முறையான அறுவைப் பயிற்சி இல்லாத ஒரு நாட்டு மருத்துவர் மூல நோய்க்குச் சாதாரணக் கத்தியால் அறுவை செய்ய, நோயாளி இரத்தம் போய் இறந்துவிட்டார். நோயாளியைக் குணப்படுத்த வேண்டும் என்றுதான் அவர் நினைத்தார், இதற்கு முன்பும் இப்படிச் செய்திருக்கிறார் என்றெல்லாம் சொல்லப்பட்டும், தேவையான அறிவும் கவனமும் இல்லாமல் செய்ததால் நல்லெண்ணம் என்ற பாதுகாப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. இந்த வழக்கோடு சேர்த்துப் படித்த பிறகு அந்தச் சொல் உங்களுக்கு மறக்குமா என்று பாருங்கள்.

நாளைக்கு இருபது சொல் வேண்டாம், மூன்று போதும். சொல், அது வரும் பிரிவு, அந்தப் பிரிவை விளக்கும் ஒரு வழக்கு, நம் நீதிமன்றங்களில் புழங்கும் தமிழ்ச்சொல் என்று நான்கையும் ஒரே பக்கத்தில் கையால் எழுதுங்கள்.

கேள்வி (நான்காம் ஆண்டு மாணவி, திருச்சி): ‘அக்விட்டல்’, ‘டிஸ்சார்ஜ்’ இரண்டையும் செய்தித்தாள்களில் விடுதலை என்றே எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றுதானே, அம்மா?

பதில்: ஒன்றல்ல. தொழிலுக்கு வந்த இரண்டாவது ஆண்டில் நானும் இதே குழப்பத்தோடு ஒரு மனுவை எழுதினேன். குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பாக, வழக்கிலிருந்து கட்சிக்காரரை விடுவிக்கக் கோரிப் போட்ட மனு அது. வேண்டுகோள் பத்தியில் ‘டிஸ்சார்ஜ்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘அக்விட்’ என்று எழுதிவிட்டேன். மனு திருப்பப்பட்டது, திருத்தித் தாக்கல் செய்வதற்குள் அடுத்த வாய்தா வந்துவிட்டது. கட்சிக்காரர் அதுவரை தினக்கூலியை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்கு அலைந்தார். அவர் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

விசாரணைக்குப் போகும் அளவுக்கு ஆதாரமே இல்லை என்று தொடக்கத்திலேயே அனுப்பிவைப்பது ‘டிஸ்சார்ஜ்’, அதாவது விடுவிப்பு. சாட்சிகளை விசாரித்து முடித்துக் குற்றவாளி அல்லர் என்று தீர்ப்பளிப்பது ‘அக்விட்டல்’, அதாவது விடுதலை. விடுதலையான ஒருவரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது. விடுவிக்கப்பட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. விடுவிப்பு விடுதலை ஆகாது என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமே விளக்கம் தந்திருந்தது. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. புதிய ஆதாரம் கிடைத்தால் அவர் மீது வழக்கு மீண்டும் வரலாம்.

இதே போல உரிமையியல் பக்கத்தில் ‘ஜட்ஜ்மெண்ட்’, ‘டிக்ரீ’, ‘ஆர்டர்’ மூன்றையும் பிரித்தறியுங்கள். காரணங்களைச் சொல்வது முதலாவது. அதன் முடிவை முறைப்படி வெளிப்படுத்துவது இரண்டாவது. டிக்ரீ ஆகாத மற்ற முடிவுகளை முறைப்படி வெளிப்படுத்துவது மூன்றாவது. நிறைவேற்றச் சொல்லி மனுப் போடுவது டிக்ரீயையோ ஆர்டரையோ வைத்துத்தான். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 2ஆம் பிரிவை ஒரு முறை முழுதாகப் படித்தால் இது தெளிவாகும்.

கேள்வி (இரண்டாம் ஆண்டு மாணவர், தூத்துக்குடி): இலத்தீன் தொடர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. எத்தனை தெரிந்திருக்க வேண்டும்?

பதில்: முப்பது தெரிந்தால் நன்றாகவே நடத்தலாம். ‘ரெஸ் ஜுடிகேட்டா’ (முன்தீர்ப்புத் தடை), ‘எக்ஸ் பார்ட்டே’ (ஒருதலைப்பட்சமாக), ‘சூ மோட்டோ’ (தாமாக முன்வந்து), ‘மென்ஸ் ரியா’ (குற்ற மனம்), ‘லோகஸ் ஸ்டாண்டி’ (வழக்குத் தொடரும் தகுதி) ஆகியவற்றில் தொடங்குங்கள். அரசமைப்பின் 32, 226ஆம் உறுப்புகளில் வரும் ஐந்து நீதிப்பேராணைகளின் பெயர்கள் தாமாகவே பழகிவிடும். ‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ என்பதை ஆட்கொணர்வு மனு என்று நம் ஊரில் எல்லோருமே சொல்கிறார்கள். இலத்தீன் தொடருக்கு ஒரே பொருள்தான் உண்டு, அதனால் அது நம்மை ஏமாற்றுவதில்லை. கவனம் தேவைப்படுவது ‘ஷல்’, ‘மே’, ‘டீம்ட்’, ‘சப்ஜெக்ட் டு’ போன்ற பழகிய சொற்களிடம்தான்.

கேள்வி (மூன்றாம் ஆண்டு மாணவி, இராமநாதபுரம்): ஒரு பிரிவு முழுவதும் ஒரே வாக்கியமாக அரைப்பக்கம் ஓடுகிறது. முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துவிடுகிறது.

பதில்: காசோலை திரும்பிய வழக்குகளில் வரும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சிலால் முதலில் வினைமுற்றைத் தேடிக் கோடிடுங்கள்: ‘ஷல் பி டீம்ட் டு ஹேவ் கமிட்டட் அன் அஃபென்ஸ்’. குற்றம் செய்ததாகக் கொள்ளப்படுவார் என்பது இதன் பொருள். யார் என்று கேளுங்கள்: காசோலை கொடுத்தவர். எப்போது என்று கேளுங்கள்: போதிய பணம் இல்லாததால் காசோலை திரும்பும்போது. எதற்காகக் கொடுத்த காசோலை என்று கேளுங்கள்: ஒரு கடனையோ பொறுப்பையோ முழுதாகவோ பகுதியாகவோ தீர்ப்பதற்காக. அந்தத் ‘தீர்ப்பது’ என்ற இடத்தில் மூலத்தில் இருக்கும் சொல் ‘டிஸ்சார்ஜ்’. மேலே திருச்சி மாணவிக்குச் சொன்ன அதே சொல், இங்கே கடனடைப்பு என்ற பொருளில் நிற்கிறது. பிரிவைப் பார்க்காமல் பொருள் சொல்லக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அதற்குப் பிறகு ‘ப்ரொவைடட் தட்’ என்று ஒரு வரம்புரை தொடங்குகிறது. மேலே கொடுத்ததில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் இடம் அது. காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும், அதைப் பெற்ற 15 நாட்களுக்குள் அவர் பணத்தைக் கொடுக்கத் தவறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பிரிவே பொருந்தாது என்று அது சொல்கிறது. நீதிமன்றத்தில் வாதங்கள் பெரும்பாலும் இந்த வரம்புரையைச் சுற்றித்தான் நடக்கின்றன.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், நீண்ட வாக்கியத்தில் முடிவுக்காகக் காத்திருக்க நமக்குப் பழக்கம் உண்டு. ஆங்கிலச் சட்ட வாக்கியத்தில் வினை நடுவில் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால், மற்றவற்றைத் தமிழ் வரிசையில் அடுக்கிக்கொள்ளலாம். ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்று தொடங்கினால், வேறெதில் என்ன சொல்லியிருந்தாலும் இதுவே மேலோங்கும் என்று பொருள். ‘சப்ஜெக்ட் டு’ என்று தொடங்கினால், இது வேறொன்றுக்குக் கட்டுப்பட்டது என்று பொருள்.

கேள்வி (பத்திர எழுத்தர், தேனி): கிரையப் பத்திர ஆங்கிலத்தில் ‘நல் அண்ட் வாய்ட்’, ‘வில் அண்ட் டெஸ்டமெண்ட்’ என்று ஒரே பொருளுக்கு ஏன் இரண்டு சொற்கள்?

பதில்: 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அங்கே ஆளுவோர் பேசியது பிரெஞ்சு, மக்கள் பேசியது ஆங்கிலம், ஆவணம் எழுதியது இலத்தீன். நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வழக்காட வகைசெய்யும் சட்டம் 1362இல்தான் வந்தது. ஆவணங்களிலிருந்து இலத்தீன் விலக 1733 ஆனது. அந்த நூற்றாண்டுகளில் சந்தேகம் வரக் கூடாதென்று இரு மொழிச் சொற்களையும் பல இடங்களில் சேர்த்தே எழுதினார்கள். ‘வில்’ ஆங்கிலம், ‘டெஸ்டமெண்ட்’ இலத்தீன் வழி வந்தது. நம் பத்திரங்களிலும் வக்காலத்து, ஜாமீன், ஜப்தி, தாவா என்று அரபு, பாரசீகச் சொற்கள் தங்கியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். எனவே இது மக்கள் மொழி அல்லாத ஒன்றில் ஆட்சி நடந்த ஊர்கள் எல்லாவற்றிலும் காணக்கூடியது. ஆனால் ‘வாய்ட்’, ‘வாய்டபிள்’ இரண்டும் இப்படிப்பட்ட இணை அல்ல. முதலாவது தொடக்கத்திலிருந்தே செல்லாதது. இரண்டாவது, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் செல்லாததாக்கக்கூடியது. மைனர் எழுதிக்கொடுத்த அடமானம் முதல் வகை என்று 1903இல் மோஹோரி பீபி வழக்கில், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் முடிவுசெய்தது.

கேள்வி (இளம் வழக்கறிஞர், விருதுநகர்): அமர்வு நீதிமன்றத்தில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. மேல்முறையீட்டுக்காக அதை ஆங்கிலத்தில் பெயர்க்கும் வேலையைச் சீனியர் என்னிடம் தந்திருக்கிறார். எதில் கவனமாக இருக்க வேண்டும், மேடம்?

பதில்: காயங்களில். ‘அரிவாளால் வெட்டினான்’ என்று சாட்சி சொன்னால் ‘கட்’ என்று எழுதுங்கள். ‘கத்தியால் குத்தினான்’ என்றால் ‘ஸ்டாப்’. ‘அரிவாளைத் திருப்பி அடித்தான்’ என்று சொல்லியிருந்தால் கூர்முனை படவில்லை என்று பொருள். அவசரத்தில் அதையும் ‘கட்’ என்று எழுதிவிட்டால் வழக்கே மாறிவிடும். மருத்துவரின் காயச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூரான ஆயுதத்தால் வரும் சீரான வெட்டு ‘இன்சைஸ்டு’, மழுங்கிய பொருளால் தோல் கிழிந்தது ‘லாசரேஷன்’, கன்றிப்போனது ‘கன்ட்யூஷன்’, சிராய்ப்பு ‘அப்ரேஷன்’. கண்ணால் கண்ட சாட்சி வெட்டு என்கிறார், மருத்துவர் ‘லாசரேஷன்’ என்கிறார் என்றால், எதிர்த்தரப்பின் வாதம் அங்கேதான் தொடங்கும். நீங்கள் மொழிபெயர்ப்பில் அந்த முரண்பாட்டைப் பூசி மெழுகவும் கூடாது, புதிதாக உண்டாக்கவும் கூடாது. சாட்சி ‘அண்ணன்’ என்று சொன்னால் அது உடன்பிறந்தவரா, பெரியப்பா மகனா, மரியாதைக்குச் சொன்னதா என்பதையும் பதிவிலிருந்து உறுதிசெய்துகொண்டு எழுதுங்கள். இந்த வேலையில் தமிழ்வழியில் படித்தவருக்கு இருக்கும் கூர்மை மற்றவர்களுக்கு எளிதில் வராது என்பது என் அனுபவம்.

கேள்வி (ஐந்தாம் ஆண்டு மாணவி, திருநெல்வேலி): உச்சரிப்பில் தவறிவிடுவோமோ என்ற பயத்தில் பயிற்சி நீதிமன்றப் போட்டிகளில் பேசுவதே இல்லை.

பதில்: எழுத்தைப் பார்த்து ஏமாறக்கூடிய சொற்கள் சிலவே. ‘இண்டைட்’ (குற்றம் சாட்டுதல்) என்பதில் எழுத்தில் உள்ள ‘க்’ ஒலிக்காது. ‘சப்பீனா’வில் (சாட்சிக்கான அழைப்பாணை) ஆங்கில எழுத்தில் b, p இரண்டும் இருந்தாலும் p ஒன்றே கேட்கும். ‘லீன்’ (கடனுக்காகப் பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை) என்பதை ‘லியன்’ என்றும் சொல்வார்கள். உச்சரிப்பை விட வாக்கியப் பழக்கம் முக்கியம். நீதிமன்றத்தில் ‘ஐ திங்க்’ என்று சொல்வதில்லை, ‘ஐ சப்மிட்’ என்கிறோம். எதிர்த்தரப்பு வழக்கறிஞரை ‘மை லேர்னட் ஃப்ரெண்ட்’ என்கிறோம். நீதிபதியை உயர் நீதிமன்றத்தில் ‘யுவர் ஆனர்’ என்றும், கீழமை நீதிமன்றத்தில் ‘சார்’ என்றும் அழைக்கலாம் என்று இந்திய பார் கவுன்சில் 2006இல் விதி செய்திருக்கிறது. ஆனாலும் ‘மை லார்ட்’ இன்னும் பரவலாகக் கேட்கிறது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு தொடர்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் தொடக்கப் பதற்றம் அடங்கும். பேசுங்கள், மகளே. நீதிபதிகள் கேட்பது பொருளைத்தான்.

கேள்வி (இரண்டாம் ஆண்டு மாணவர், மதுரை): உயர் நீதிமன்றத்தில் தமிழ் வழக்காடு மொழியாக வேண்டும் என்று போராடுகிறோம். பிறகு ஆங்கிலத்தை ஏன் இவ்வளவு பாடுபட்டுக் கற்க வேண்டும்?

பதில்: அந்தக் கோரிக்கை நியாயமானது, நானும் அதில் உறுதியாக இருக்கிறேன். இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களின் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு இசைவு தரப்பட்டிருக்கிறது. தமிழுக்காக நம் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியும் அது கிடைக்கவில்லை. ஆனால் அரசமைப்பின் 348ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றம் வேறுவகை செய்யும் வரை உச்ச நீதிமன்றத்திலும், இப்படி இசைவு பெறாத உயர் நீதிமன்றங்களிலும் நடவடிக்கைகள் ஆங்கிலத்திலேயே நடக்கும். நாளை தமிழ் வந்தாலும் நூற்றைம்பது ஆண்டுத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அவற்றைப் பிழையின்றித் தமிழுக்குக் கொண்டுவர இரு மொழியும் தெரிந்தவர்கள் வேண்டும். அந்த ஆட்கள் நீங்களாக இருங்கள்.

கேள்வி (வழக்கறிஞர், சிவகங்கை): உரிமையியல் நீதிபதித் தேர்வுக்குத் தயாராகிறேன். மொழிபெயர்ப்புத் தாளுக்கு எப்படிப் பயிற்சி எடுப்பது?

பதில்: தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் அந்தத் தேர்வில் சாட்சியம், தீர்ப்பு, ஆவணம் மூன்றும் இரு திசையிலும் பெயர்க்கத் தரப்படும். உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகள் சிலவற்றின் தமிழாக்கத்தை இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒரு தீர்ப்பில் இரண்டு பத்திகளை நீங்களே தமிழில் பெயர்த்துவிட்டு, பிறகு அந்தத் தமிழாக்கத்தோடு ஒப்பிடுங்கள். ‘இன்ஜங்க்ஷன்’ உறுத்துக்கட்டளை என்றும் ‘ஸ்டே’ தடையாணை என்றும் வேறுபடுவது போன்றவை அங்கே பிடிபடும். உங்கள் அலுவலகத்தில் இருக்கும் பழைய பாகப்பிரிவினைப் பத்திரம், ஒத்திப் பத்திரம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சீனியரிடம் காட்டுங்கள். நான்கெல்லை விவரத்தில் ‘இதற்குக் கிழக்கு’ என்று வருவதை எழுதும்போது, சொத்து அந்த எல்லைக்குக் கிழக்கே இருக்கிறதா, அந்த எல்லை சொத்துக்குக் கிழக்கே இருக்கிறதா என்று ஒரு தாளில் வரைந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.