வால்வை மூடிப் பார்த்தீர்களா?

கேள்வி: பழைய பிளாஸ்மா சி.வி.டி. கருவி (வெற்றிட அறையில் வாயுக்களிலிருந்து மெல்லிய படலம் படியவைப்பது) வாங்கினோம். விற்றவர் மீட்டரில் நல்ல வெற்றிடம் காட்டினார். இங்கே சிலிக்கான் நைட்ரைடு படலத்தின் ஒளிவிலகல் எண் 1.8-ஐத் தாண்டவில்லை. வாயு விகிதம் சரிதான்.

பதில்: காற்று புகுகிறதா என்று முதலில் பாருங்கள். நல்ல நைட்ரைடுக்கு 2.0-ஐ ஒட்டி வரவேண்டும். சிலிக்கான் ஆக்சைடுக்கு 1.46. நடுவில் நிற்கிறது என்றால் ஆக்சிஜன் கலந்திருக்கலாம்.

எத்தனை முறை சொன்னாலும் வாங்குகிறவர்கள் மீட்டரைத்தான் பார்க்கிறார்கள். பெரிய பம்பு ஓட்டையையும் மறைத்துவிடும்! அறைக்கும் பம்புக்கும் இடையிலுள்ள வால்வை மூடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 50 லிட்டர் அறையில் 10 நிமிடத்தில் 0.02 மில்லிபார் ஏறினால், நிமிடத்துக்கு 0.1 கன சென்டிமீட்டர் காற்று உள்ளே வருகிறது. ஏற்றம் நேர்கோடாகப் போனால் கசிவு. போகப்போகத் தணிந்தால் சுவரில் ஒட்டிய ஈரம், சூடாக்கி இழுத்தால் போய்விடும். கசிவு என்றால் ஹீலியம் கசிவுமானியால் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். அதுவரை படலத்துக்குச் சிலிக்கான் தரும் சைலேன் வாயுவின் சிலிண்டரைத் திறக்காதீர்கள். காற்றுப் பட்டால் தானே தீப்பற்றும் வாயு அது. இந்தச் சோதனையைச் செய்துகாட்ட மறுப்பவரிடம் கருவி வாங்கவே கூடாது.

கேள்வி: நைட்ரஜனுக்கு அளவுதிருத்திய வெப்பவகை மாஸ் ஃப்ளோ கன்ட்ரோலரை (வாயு ஓட்டத்தை அளந்து கட்டுப்படுத்தும் கருவி) ஆர்கானுக்கு வைத்தோம். கணக்கு உதைக்கிறது. மாற்றித் தருவார்களா?

பதில்: எதற்கு மாற்றவேண்டும்? 100 காட்டினால் ஆர்கான் ஏறக்குறைய 140 ஓடும். லேபிளைப் படியுங்கள்.

கேள்வி: ஐ.டி.ஓ. (இண்டியம் டின் ஆக்சைடு) டார்கெட், அதாவது படலத்துக்கான பொருளை உதிர்த்தெடுக்கும் தட்டு, முதல் நாளே விரிசல் விட்டுவிட்டது. முழு பவரில்தான் ஓட்டினோம்.

பதில்: பிறகு என்ன கேள்வி? பீங்கான் வகை டார்கெட்டுக்குப் பவரைப் படிப்படியாக ஏற்றவேண்டும். செப்புத் தகட்டோடு அதை ஒட்டியிருக்கும் இண்டியம் 157 டிகிரியிலேயே உருகும். விற்றவர்மேல் குற்றமில்லை.

கேள்வி: 99.995 சதவீத டைட்டானியம் டார்கெட் கேட்டோம். சான்றிதழில் அதே எண். வெளியே சோதித்தால் ஆக்சிஜன் நிறைய.

பதில்: பாவம், நீங்கள் கேட்டதில் தப்பில்லை. அந்த எண் பெரும்பாலும் உலோக மாசுகளை மட்டும் கழித்த கணக்கு. ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன் அதில் சேராது. சான்றிதழில் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள், சோதனை அறிக்கையை இணையுங்கள், டார்கெட்டைப் பயன்படுத்தாமல் வையுங்கள். அடுத்த ஆர்டரில் ஆக்சிஜன் உச்சவரம்பைத் தனியாக எழுதி, லாட் எண்ணோடு பகுப்பாய்வு கேளுங்கள்.

கேள்வி: ஆக்சிஜன் பிளாஸ்மாவுக்குச் சாதா எண்ணெய் ரோட்டரி பம்பு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்த எண்ணெயோடு கூடாது, வெடிக்கும். ஆக்சிஜனோடு வினைபுரியாத பெர்ஃப்ளூரோ எண்ணெய் வேண்டும். அதன் விலையைக் கணக்கில் சேர்க்காமல் பம்பு வாங்கி நான் பட்டது போதும்.

கேள்வி: வாயுக் குழாய் இணைப்பைக் கழற்றினால், கசியாமல் அடைக்கும் உலோக கேஸ்கெட் வளையத்தை மறுபடி போடலாமா?

பதில்: கூடாது.