மெரினாவுக்குப் பெயர் வைத்தவர் மார்க்ஸைச் சந்தித்த கதை

கேள்வி: சென்னைக் கடற்கரைக்கு மெரினா என்று பெயர் வைத்தது யார்? அவர் எப்படிப்பட்ட ஆள்?

சின்ன வயதில், மெரினா என்பது யாரோ ஒரு துரையின் மனைவி பெயர் என்றே நினைத்திருந்தேன். துரை உண்மைதான். மனைவி பெயர் என்பது என் கற்பனை.

அந்தத் துரை மவுண்ட்ஸ்டூவர்ட் எல்ஃபின்ஸ்டன் கிராண்ட் டஃப். 1829இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷையரில் பிறந்தவர். அப்பா ஜேம்ஸ், மராட்டியர் வரலாறு எழுதியவர். பம்பாய் கவர்னர் எல்ஃபின்ஸ்டன் பெயரை அப்படியே பிள்ளைக்குச் சூட்டிவிட்டார். பிள்ளை 1857 முதல் 1881 வரை லிபரல் கட்சி எம்.பி. நடுவில் இந்திய விவகாரத் துணை அமைச்சர்.

எனக்குப் பிடித்த கதை 1879 ஜனவரியில் நடந்தது. கார்ல் மார்க்ஸ் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள விக்டோரியா ராணியின் மூத்த மகளுக்கு ஆசை. டஃப் மார்க்ஸை லண்டனில் ஒரு கிளப்புக்கு மதியச் சாப்பாட்டுக்கு வரவழைத்து, மூன்று மணி நேரம் பேசிவிட்டு, இளவரசிக்குக் கடிதம் எழுதினார். நன்றாகப் படித்த மனிதர், தொட்டில் குழந்தையைப் பிடித்துத் தின்கிறவர் போலத் தெரியவில்லை, ஆனால் உலகத்தைத் தலைகீழாக்கப் போகிறவர் இவர் இல்லை என்பது கடிதத்தின் சாரம்.

அப்புறம் 1881இல் சென்னை கவர்னர். நிர்வாகத்தில் பெரிய பெயர் எடுக்கவில்லை. ‘தி இந்து’ அவரைக் கடுமையாக விமர்சித்தது. ஆனால் 1886இல் பட்டமளிப்பு விழாவில், ஆங்கிலேயர்களான எங்களுக்கு சமஸ்கிருதத்தோடு இருக்கும் உறவுகூட உங்களுக்கு இல்லை என்று தென்னிந்தியப் பட்டதாரிகளிடம் சொல்லிப் போனார். பின்னால் வந்த திராவிட அரசியலை நினைத்தால் அது சாதாரணப் பேச்சு இல்லை.

சரி, கடற்கரைக்கு வருவோம். துறைமுகம் கட்டியதும் அதற்குத் தெற்கே மணல் சேரத் தொடங்கியது. பொலிவில்லாமல் கிடந்த அந்த இடத்தில் 1884இல் உலாவும் பாதை அமைத்தார் டஃப். சிசிலியில் பார்த்த கடற்கரை நினைவில் மெரினா என்று பெயரும் வைத்தார். ஆக, மணல் துறைமுகத்தின் புண்ணியம், பாதையும் பெயரும் அவருடையவை.

1886இல் ஊர் திரும்பியவர் 1906இல் இறந்தார். 1923இல் கம்யூனிஸ்ட் தலைவர் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களில் ஒன்றைத் திருவல்லிக்கேணி கடற்கரையில்தான் நடத்தினார். உழைப்பாளர் சிலை நிற்பதும் அதே மெரினாவில்.