காஷ்மீரின் குல்மார்க்கில் ஸ்கீ (பனிச்சறுக்கு) பழகப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

கே: வயது 44. இனிமேல் ஸ்கீ பழக முடியுமா?

ப: தாராளமாக. முட்டியில் பழைய அடி இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒரு மாதம் முன்பிருந்தே தோப்புக்கரணம் போடுங்கள், இல்லையென்றால் மதியத்துக்குள் தொடை நடுங்கிவிடும்.

கே: எந்த மாதம் நல்லது?

ப: பிப்ரவரி. 2024 ஜனவரியில் பனியே இல்லாமல் தரை தெரிந்தது, ஜனவரியை நம்பி டிக்கெட் போட்டவர்கள் சும்மா திரும்பினார்கள்.

கே: ஜீன்ஸ், ஸ்வெட்டர் போதுமா?

ப: போதாது. முதல் நாள் பாதி நேரம் பனியில் உட்கார்ந்துதான் இருப்பீர்கள், நனைந்த ஜீன்ஸ் காயவே காயாது. உள்ளே தெர்மல், மேலே தண்ணீர் புகாத பேன்ட்.

கே: வாடகைக் கடையில் எதைக் கவனிக்க வேண்டும்?

ப: பூட்ஸை, அதாவது ஸ்கீ காலணியை. நிமிர்த்தி வைத்த ஸ்கீ பலகை உங்கள் தாடைக்கும் மூக்குக்கும் நடுவே வந்தால் சரி, அதில் ரொம்ப மெனக்கெட வேண்டாம். பூட் தப்பாகப் போனால் பாடமே நடக்காது. காலை உள்ளே விட்டுக் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிக் கொக்கிகளை மாட்டுங்கள். நேராக நின்றால் விரல் நுனி முன்னால் உரச வேண்டும், முட்டியை மடக்கினால் லேசாக விலக வேண்டும். கொஞ்சம் லூசாக இருந்தால் சுகம் என்று ஒரு சைஸ் கூட்டி வாங்குகிறவர்கள்தான் அதிகம், அப்புறம் நீங்கள் திருப்புவீர்கள், ஸ்கீ திரும்பாது. சாக்ஸ் ஒரு ஜோடிதான். எடையைக் கேட்டால் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் காலணியை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கின் இறுக்கத்தை வைப்பார்கள். அளவுக்கு மேல் இறுக்கினால் விழும்போது ஸ்கீ கழலாது, முட்டி முறுக்கிக்கொள்ளும்.

கே: கோண்டோலாவில் (கேபிள் காரில்) உச்சிக்குப் போய் மெதுவாக இறங்கலாமா?

ப: கூடாது. இரண்டாம் கட்டம் உங்களைக் கிட்டத்தட்ட 3,950 மீட்டரில், அஃபர்வத் மலையில் இறக்கிவிடும். அங்கே பழகுநருக்கான சரிவு கிடையாது. 2024 பிப்ரவரியில் பனிச்சரிவில் சிக்கி ஒரு ரஷ்யர் இறந்தார். கீழே புல்வெளிச் சரிவிலேயே இருங்கள்.

கே: ஸ்கீ முனைகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை அகட்டும் ஸ்னோபிளவ் கெட்ட பழக்கம், முதல் நாளே இணையாக ஓட்ட வேண்டும் என்கிறார்களே?

ப: பழைய சண்டை இது. ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க்கில் ஹன்னஸ் ஷ்னைடர் ஸ்னோபிளவில் தொடங்கிப் படிப்படியாக மேலே போகும் பாடமுறையை வகுத்தார், அது உலகம் முழுக்கப் பரவியது. 1960களில் அமெரிக்காவில் குட்டை ஸ்கீயைக் கொடுத்து நேரே இணைத் திருப்பம் கற்றுக்கொடுத்தார்கள், பழகப் பழக நீளத்தைக் கூட்டினார்கள்; அதிலும் பலர் தேறினார்கள். ஆனால் ஸ்னோபிளவ் தெரியாமல் கூட்டத்துக்குள், லிஃப்ட் வரிசையில் ஊர்ந்து நிற்க என்ன செய்வீர்கள்?

கே: ஆண்டுக்கணக்கில் அந்த ஸ்னோபிளவிலேயே தேங்கி நிற்பவர்களைப் பார்த்ததில்லையா?

ப: நிறையப் பார்த்திருக்கிறேன். குற்றம் ஸ்னோபிளவில் இல்லை, பின்னால் சாய்வதில். பயந்தால் உடம்பு மலைப்பக்கம் ஒதுங்கும், ஸ்கீயின் முன்பாதியில் எடை இல்லாமல் போகும், அப்புறம் இணையாக வைத்தாலும் திரும்பாது. கணுக்காலை மடக்கி, முன்காலெலும்பு பூட்டின் நாக்கில் அழுந்தியபடியே இருக்கட்டும். இடப்பக்கம் திரும்ப வலது ஸ்கீயில் எடையை இறக்குங்கள். இது சரியாக வந்தால், வேகம் கூடும்போது உள்பக்க ஸ்கீ தானாகவே பக்கத்தில் வந்து சேரும்.

கே: நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ப: சரி, ஒப்புக்கொள்ள வேண்டாம். நிற்கத் தெரிந்த பிறகு மேலே போங்கள், அது போதும்.

கே: என் கணவர் நன்றாக ஓட்டுவார், பயிற்றுநர் எதற்கு?

ப: கல்யாணம் நிலைக்க.

கே: ஸ்னோபோர்டு?

ப: எனக்குத் தெரியாத துறை.

கே: சூரிச்சில் இருக்கிறோம். பிள்ளைகள் பள்ளி ஸ்கிலாகரில் (ஸ்கீ முகாமில்) பழகிவிட்டார்கள், இப்போது எங்கள் முறை. பழகுநருக்கான பச்சைத் தடத்தைத் தேடினால் கிடைக்கவில்லையே?

ப: அங்கே எளிதானது நீலம்தான், அடுத்தது சிவப்பு, கடினமானது கறுப்பு. பச்சை பிரான்சில் இருக்கிறது.

கே: ஜீன்ஸ் மேல் ரெயின்கோட் போட்டால்?

ப: மேலே எழுதியிருக்கிறேன்.

கே: மூன்றாம் நாள் அஃபர்வத்?

ப: படித்துவிட்டுத்தான் கேட்கிறீர்களா? கூடாது.

கே: விழாமல் பழக வழியுண்டா?

ப: இல்லை. பக்கவாட்டில், மலைப்பக்கமாக விழுங்கள், கோலை விட்டுவிடுங்கள். பிடித்துக்கொண்டே கையை ஊன்றினால் கட்டைவிரல் பிசகும். எழும்போது இரண்டு ஸ்கீயையும் சரிவுக்குக் குறுக்கே, உங்களுக்குக் கீழ்ப்பக்கமாக வைத்துக்கொண்டு எழுங்கள். எழ முடியவில்லையா, மேல் ஸ்கீயைக் கழற்றிவிட்டு எழுந்து, பூட்டின் அடியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.