பெயரில் சல்லடை, செயலில் வகுத்தல்

கேள்வி: ஐயா, பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகளின் பைத்தான் பயிற்சி மென்பொருளில் ‘எரட்டோஸ்தனிஸ் சல்லடை’ என்ற தலைப்பில் ஒரு நிரல் இருக்கிறது. 1,000 வரையுள்ள பகா எண்களைக் கேட்டால் உடனே தருகிறது. 10 லட்சம் வரை கேட்டால் முடிந்தபாடில்லை. கணினியை மாற்ற வேண்டுமா?

பதில்: கணினியை மாற்ற வேண்டாம். நிரலின் உள்மடக்கில் (ஒரு மடக்குக்குள் திரும்பத் திரும்ப ஓடும் இன்னொரு மடக்கில்) மீதி காண்பதற்கான சதவீதக் குறி (%) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், தலைப்பு எதுவாயினும் அது சல்லடை அன்று.

பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸின் முறையில், எண்களை வரிசையாக வைத்துக்கொண்டு 2 முதல் ஒவ்வொரு பகா எண்ணின் மடங்குகளையும் அடித்துவிட்டால், எஞ்சுபவை பகா எண்கள்; அதில் வகுத்தலுக்கு இடமே இல்லை. 7-இன் முறை வரும்போது, 14 முதல் 42 வரையுள்ள அதன் மடங்குகளை 2, 3, 5 ஆகியவை முன்பே அடித்துவிட்டிருக்கும் என்பதால், 49-இல் தொடங்கி 56, 63, 70 என்று ஏழு ஏழாகத் தாவி அடித்துக்கொண்டே போனால் போதும்; இடையிலுள்ள எண்களைத் தொட வேண்டியதே இல்லை. போலிச் சல்லடையோ, பட்டியலில் எஞ்சியிருக்கும் ஒவ்வோர் எண்ணையும் 7-ஆல் வகுத்து, மீதி பூஜ்யமா என்று பார்க்கிறது. இரண்டும் ஒரே விடையைத் தருவதால்தான் இந்தக் குழப்பம் பாட நிரல்களில் நெடுங்காலம் நிலைத்துவிட்டது. ஹாஸ்கெல் என்ற நிரல்மொழிப் பாடங்களில் புகழ்பெற்ற ஓரிரு வரிச் ‘சல்லடை’யும் இத்தகையதே என்பதை அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரியைச் சேர்ந்த மெலிசா ஓநீல் 2009-இல் விரிவாக நிறுவினார்.

10 லட்சத்துக்குள் 78,498 பகா எண்கள் உள்ளன. போலி நிரல், சோதிக்கும் எண்ணின் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களோடு நிற்காமல் ஓடினால், அவற்றுள் கடைசியான 9,99,983-ஐ அதற்கு முந்தைய 78,497 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்கும். பகா எண்களுக்கு மட்டுமே மொத்தம் 300 கோடிக்கு மேற்பட்ட வகுத்தல்கள் ஆகும். உண்மையான சல்லடைக்கு ஏறத்தாழ 21 லட்சம் அடிப்புகளே போதும். எளிய வகுத்தல் முறையைக் கற்பிப்பதில் தவறில்லை, அதற்குச் சல்லடை என்று பெயர் சூட்டுவதுதான் தவறு.

மகளே இதைத் திருத்திவிடலாம். எண்களை நீக்குவதற்குப் பதிலாக உண்மை, பொய் என்று குறிக்கும் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, உள்மடக்கை அந்தப் பகா எண்ணின் வர்க்கத்தில் தொடங்கி அதே எண்ணளவு தாவச் செய்ய வேண்டும். பகா எண்களை ஒவ்வொன்றாக எடுக்கும் வெளிமடக்கின் எல்லையில் மட்டும் கவனம் தேவை: எண்களை வரிசையாகத் தரும் பைத்தானின் ரேஞ்ச் (range) கடைசி எண்ணைச் சேர்க்காது என்பதால், 49 வரை தேடும்போது எல்லையை 8 என்று எழுதாமல் 7 என்று எழுதினால், 49-உம் பகா எண்ணாக வந்து நிற்கும்.