எந்தப் போக்கிமான் கார்டைக் கிரேடிங்கிற்கு அனுப்பலாம்?

கிரேடிங் என்றால், ஒரு நிறுவனம் கார்டு அசல்தானா என்று பார்த்து, அதன் நிலைக்கு மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவது. 1991இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. என்ற கிரேடிங் நிறுவனம் 1 முதல் 10 வரை மதிப்பெண் தருகிறது. மலேசியாவில் பழைய காரைப் புஸ்பாகோம் என்ற வாகனப் பரிசோதனை நிறுவனத்துக்குக் கொண்டுபோவது மாதிரிதான்: முன்பின் தெரியாதவர் நம்பி வாங்க அந்தச் சான்று உதவும்.

ஆனால் கட்டணமும் வெளிநாட்டுத் தபால் செலவும் உண்டு. ஒரு கார்டுக்கு மொத்தம் 100 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 வராமல் 9 வந்தாலும் கையைக் கடிக்காத கார்டுகளை மட்டும் எடுத்து வையுங்கள்.

பிறகு விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். பின்பக்க நீல ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தாலே 10 கிடைப்பது சந்தேகம். படத்தைச் சுற்றியுள்ள ஓரம் இருபுறமும் சமமா, மூலை மழுங்கியிருக்கிறதா, பளபளப்பில் கீறல் உண்டா? எங்கள் பினாங்கு ஈரக்காற்றில் ஃபாயில் கார்டுகள் (மினுமினுக்கும் படலம் உள்ளவை) வளைந்துவிடும், அதையும் கவனியுங்கள். (அப்பா வாங்கித் தந்த முதல் கார்டு என்றால் கணக்கே பார்க்க வேண்டாம், நானும் அனுப்புவேன்.)

கிரேடிங் செய்தாலே விலை ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண் கார்டின் நிலையை மட்டுமே சொல்கிறது, யாரும் தேடாத கார்டு 10 வாங்கினாலும் விலைபோகாது.