அந்தக் கடிதத்தை அக்கம்பக்கத்தில் காட்டாதீர்கள்

அன்புத் தங்கைக்கு,

வாடகை வீடு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றோடு, கருப்பைவாய்ப் பரிசோதனையில் 'எச்.பி.வி. பாசிட்டிவ்' (பாலுறவால் பரவும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் தொற்று இருக்கிறது) என்று வந்த கடிதத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் வழிகாட்ட உங்கள் குடியிருப்பிலேயே ஆட்கள் இருப்பார்கள். கடிதத்தைப் பற்றி மட்டும் அவர்களிடம் வாய் திறக்காதீர்கள். நான் வந்த புதிதில் இதே முடிவு எனக்கும் வந்தபோது, நம்மவர்களில் மூத்தவர் ஒருவர், "உன் கணவரை விசாரி" என்றார். அந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் பல நாள் பேச்சே இல்லை. இத்தனை காலம் இங்கே வாழ்ந்தும் நம்மவர்கள் இந்த வழக்கத்தை மட்டும் விடவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

பாலுறவில் ஈடுபட்ட பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த வைரஸ் தொற்றிவிடுகிறது. அது அறிகுறியே இல்லாமல் பல ஆண்டுகள் உடலில் தங்கியிருக்கக்கூடும் என்பதால், எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. 200-க்கும் மேற்பட்ட வகைகளில் 6, 11 ஆகியவை பிறப்புறுப்பில் மருக்களை உண்டாக்குபவை. கருப்பைவாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு 16, 18 ஆகிய இரண்டுமே காரணம். அவற்றையும்கூடப் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடலே விரட்டிவிடும். விலகாமல் நிலைத்த தொற்றும் புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்துத் தடுப்பதற்காகத்தான் உங்களை அழைக்கிறார்கள். வெட்கப்பட்டு அடுத்த சந்திப்பைத் தவறவிடாதீர்கள்.

கணவரையோ மகளையோ மொழிபெயர்க்க அழைத்துச் செல்லாதீர்கள். பெண் மருத்துவரும் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அப்படித் தயங்காமல் கேட்கப் பழகியதை இந்த நாட்டில் நான் ஈட்டிய பெரிய செல்வமாக நினைக்கிறேன். எனக்குப் பரிசோதனை செய்த மருத்துவர், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துத் தடவியதும் கருப்பைவாயில் ஓரிடம் மட்டும் வெளுத்ததைத் திரையில் காட்டினார். அது புற்றுநோய் அன்று, அதற்கு முந்தைய மாற்றம் என்று திசுப் பரிசோதனை உறுதிசெய்த பின், அந்தப் பகுதியை அகற்றினார்கள். அன்று மாலையே வீடு திரும்பினேன்.

மகளின் பள்ளியிலிருந்து எச்.பி.வி. தடுப்பூசிப் படிவம் வந்தால் தயங்காமல் கையெழுத்திடுங்கள். 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறந்தது. தொண்டை, ஆசனவாய்ப் புற்றுநோய்கள் ஆண்களுக்கும் இதே வைரஸால் வருவதால், மகனுக்கும் போட முடியுமா என்று விசாரியுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே உள்ள தொற்றைத் தடுப்பூசி போக்காது. நீங்கள் பரிசோதனைக்குத்தான் போக வேண்டும்.